தள்ளி என்றால் தூரம்

ராமாபுரத்திலிருந்து வக்கீலுக்குப் படித்த முதல் பெண் என்று யாராவது மேடையில் என்னை அறிமுகப்படுத்தினால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். சட்டம் படிக்க வேண்டும் என்று நான் கனவு கண்டதே இல்லை. நான் கண்ட கனவெல்லாம் மைசூரில் ஒரு ஹாஸ்டலில் இருக்க வேண்டும் என்பதுதான்.

தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உள்ள எங்கள் ஊர் இருப்பது கர்நாடகத்தில். கொள்ளேகாலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ்ஸில் போய் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவேன். படிப்பு முடிந்ததும் அப்பா பி.எட். என்றார். அதையும் அதே பஸ்ஸில் போய்ப் படிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். எனக்கு அந்த பஸ்ஸே அலுத்துப்போயிருந்தது. மைசூருக்குப் போனால்தான் படிக்க முடியும் என்கிற மாதிரி ஒரு படிப்பு வேண்டும். யோசித்துப் பார்த்து, "நான் வக்கீலுக்குப் படிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு வாசலில் மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தோம். அப்பா கதிரைக் கீழே வைத்தார்.

"டீச்சர் வேலைன்னா பொழுதோட ஊட்டுக்கு வந்தர்லாம் கண்ணு. லீவு இருக்கும். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. வக்கீலுன்னா யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?"

அம்மா கதிரிலிருந்து கையை எடுக்கவில்லை. "கேக்காதவங்க ஊட்டுக்கு நாம ஏனுங்க பொண்ணு குடுக்கோணும்?" என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு கீழே வைத்த கதிரை எடுத்து மறுபடியும் உரிக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் அப்பா சரி என்று சொல்லும் விதம் அதுதான்.

மைசூரில் சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் என் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். மேலுக்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். அவள் அப்பா ரிட்டயர் ஆகி மைசூரிலேயே விஜயநகரில் வீடு கட்டியிருந்தார். இருவரும் கன்னடத்தில்தான் பேச ஆரம்பித்தோம். எனக்கு வீட்டிலிருந்து போன் வந்து நான் தமிழில் பேசியதைக் கேட்டதும் அவள் முகமெல்லாம் மலர்ந்தது. "நீயும் தமிழாடி? சொல்லப்படாதோ?" என்றாள். மறுநாள் "எங்க தோப்பனார் வந்திருக்கார், வா" என்று கூப்பிட்டாள். தோப்புக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து, தேங்காய் கொண்டு வந்திருக்கிறாரா என்று கேட்டேன். கேட் அருகே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்த அவளுடைய அப்பா, விஷயம் தெரிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவள் தமிழை நானும் என் தமிழை அவளும் கிண்டல் செய்தே மூன்று வருஷம் போனது.

எங்கள் கல்லூரியில் மூட் கோர்ட் என்று ஒரு போட்டி உண்டு. கற்பனையாக ஒரு வழக்கைக் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் நின்று வாதாட வேண்டும். அந்த வருஷம் அதைப் பார்த்துக்கொண்ட விரிவுரையாளர், பெண்கள் உட்கார்ந்து படித்து வாதங்களை எழுதித் தரட்டும், பையன்கள் நின்று பேசட்டும் என்று பிரித்துவிட்டார். நாங்கள் நூலகத்தில் கிடந்து எழுதினோம். போட்டி நாளில் எங்கள் பையன் கணீரென்றுதான் ஆரம்பித்தான். நடுவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். அவன் அப்படியே திரும்பி, பார்வையாளர் வரிசையில் இருந்த எங்களைப் பார்த்தான். என் தோழி பதிலை உதட்டசைவில் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. நடுவருக்குப் புரிந்துவிட்டது. "பதில் தெரிந்தவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறதே" என்றார்.

அடுத்த வருஷம் அவள் நேராகப் பிரின்சிபாலிடம் போய், "எழுதறவாளே பேசிட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம் சார்" என்பதைக் கன்னடத்தில் மிகப் பணிவாகச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார். நாங்கள் இருவரும் ஒரு அணியாகப் போனோம். முதல் பரிசு என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைத்தது இரண்டாம் பரிசு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மசால் தோசை சாப்பிட்டுக் கொண்டாடினோம். முதல் பரிசுக்கும் அதைத்தான் சாப்பிட்டிருப்போம்.

படிப்பு முடிந்து வக்கீலாகப் பதிவு செய்த பிறகுதான் உண்மையான சுவர் எதிரே வந்து நின்றது. எனக்குக் கிரிமினல் வழக்குகள் நடத்த ஆசை. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிற அந்த விளையாட்டு எனக்குப் பிடித்துவிட்டிருந்தது. ஒவ்வொரு சீனியர் ஆபீசாக ஏறி இறங்கினேன். ஒருவர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனதும் நின்றுவிடுவாய், எதற்குச் சொல்லிக் கொடுப்பது என்றார். எனக்கு முன்பு அவரிடம் போயிருந்த, கல்யாணமான ஒரு பெண்ணை, குழந்தை பிறந்தால் நின்றுவிடுவாய் என்று அனுப்பியிருந்தார். இன்னொருவர் நல்ல மாதிரி. காபி வரவழைத்துக் கொடுத்து, "கட்சிக்காரர்கள் உங்கள் எதிரில் எல்லாவற்றையும் சொல்லக் கூச்சப்படுவார்கள் அம்மா" என்றார். திருடுவதற்குக் கூச்சப்படாதவர்கள் சொல்வதற்கா கூச்சப்படுவார்கள் என்று கேட்க நினைத்தேன். காபி நன்றாக இருந்ததால் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு சீனியர் சேர்த்துக்கொண்டார். கிரிமினல் பக்கம் பெயர் பெற்றவர். என்னைத் தவிர நான்கு ஜூனியர்கள், நால்வரும் ஆண்கள். அவர்கள் சாட்சிகளை விசாரித்தார்கள். எனக்கு விவாகரத்து மனுக்கள் டைப் செய்வதும், கோர்ட்டில் எழுந்து வாய்தா கேட்பதும். "சீனியர் வேறொரு கோர்ட்டில் இருக்கிறார், தேதி கொடுங்கள்" என்று கன்னடத்தில் சொல்லிச் சொல்லி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மைசூரிலேயே என்னைப் போல் அழகாகச் சொல்ல ஆளில்லை என்று ஆகிவிட்டது. கறுப்புக் கோட்டு போட்டிருந்தும் வாசலில் நிற்கும் டவாலிச் சேவகர் என்னைப் பார்த்து, கட்சிக்காரர்கள் வெளியே இருங்கள் என்பார். நான் கழுத்துப் பட்டையைத் தொட்டுக் காட்டுவேன். "அய்யோ மேடம்" என்று வழிவிடுவார். மறுவாரம் மறுபடியும் அதேதான்.

அப்படி இருந்தபோதுதான் பூண்டுக்கார அம்மாவின் வழக்கு வந்தது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்தில் அந்த அம்மா பூண்டு மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு அருகே அனூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். புருஷன் இறந்த பிறகு தனியாகக் கடையை நடத்தினார். மாடியில் குடோன். பக்கத்துக் கடைக்காரருக்கு அந்தக் குடோன் மேல் கண். ஒருநாள் அவர் மாடிப்படியில் நின்று சண்டை போட்டார். போட்டவர் உருண்டு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அந்த அம்மாதான் தள்ளிவிட்டார் என்று புகார். கொலை முயற்சி என்று வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. நேரில் பார்த்தவர் என்று இருந்தது ஒரே ஒருவர்: குடோனில் பூண்டு ஆய்ந்து தரம் பிரிக்கும் ஒரு பெண். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். அந்த அம்மா தள்ளியதைப் பார்த்தேன் என்று அவர் சொன்னதாகப் போலீஸ் எழுதி வைத்திருந்தது.

பூண்டுக்கார அம்மா ஆபீசுக்கு வந்தபோது சீனியரிடம் கன்னடத்தில் தடுமாறிப் பேசினார். நான் டைப் அடித்துக்கொண்டிருந்த மூலைப் பக்கம் திரும்பி, "ஏனுங்கம்மணி, நீங்க எந்தூருங்க?" என்றார். என் மூக்குத்தியைப் பார்த்தாரோ என்னவோ. ராமாபுரம் என்றதும் நாற்காலியை என் பக்கமே திருப்பிப் போட்டுக்கொண்டு முழுக் கதையையும் சொன்னார். "நான் அந்தாளத் தொடவே இல்லீங்க. தொடறதுக்கும் அருவருப்பா இருக்குங்க எனக்கு" என்றார். சீனியர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

சாட்சி வரும் நாளில் சீனியரே விசாரணைக்கு வந்தார். அவர் பின்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நான். பூண்டு ஆயும் பெண் கூண்டில் ஏறினார். கன்னடம் தெரியுமா என்று நீதிபதி கேட்டார். கடையில் பேசுகிற அளவுக்குத் தெரியும் என்றார். அரசு வக்கீல் கேட்ட கேள்விகளுக்குக் கொஞ்சம் கன்னடம், நிறையத் தமிழ் என்று கலந்து சொன்னார். தமிழ் வரும் இடங்களில் பெஞ்ச் கிளார்க் உத்தேசமாகக் கன்னடத்தில் சொல்ல, நீதிபதி அதைத் தட்டச்சருக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"அவர் விழுந்தபோது இந்த அம்மா என்ன செய்தார்?" என்றார் அரசு வக்கீல்.

"அவங்க தள்ளி நின்னாங்க சாமி."

"தள்ளிவிட்டு நின்றார்" என்ற பொருளில் நீதிபதி கன்னடத்தில் சொல்ல, அது டைப் ஆகிக்கொண்டிருந்தது. அரசு வக்கீல் திருப்தியாகத் தலையசைத்தார். என் சீனியருக்குத் தமிழ் தெரியாது. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. போலீஸ் ஸ்டேஷனிலும் இந்தப் பெண் இதையேதான் சொல்லியிருக்கிறார். கன்னடத்தில் 'தள்ளு' என்றால் தள்ளுவது மட்டும்தான். நம் பேச்சில் தள்ளிப் போ, தள்ளி உட்கார், தள்ளி நில் எல்லாம் உண்டே. தூரமாக நின்றார் என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல, காதில் விழுந்தவர்களெல்லாம் தள்ளினார் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். கேஸ் கட்டு மடியிலிருந்து சரிந்து தடாலென்று விழுந்தது.

நீதிபதி என்னைப் பார்த்தார். "என்ன மேடம், தேதி வேண்டுமா?"

கோர்ட் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதனாலேயே பயம் போயிற்று.

"தேதி வேண்டாம் சார். சாட்சி சொன்ன சொல் தப்பாகப் பதிவாகிறது. தமிழில் தள்ளி நிற்பது என்றால் தூரமாக நிற்பது."

அரசு வக்கீல் வேகமாக எழுந்தார். ஜூனியர் மேடம் சாட்சி சொல்ல வந்திருக்கிறாரா என்றார். தமிழிலும் தள்ளுவது என்றால் தள்ளுவதுதான், தமிழ் சினிமா நானும் பார்க்கிறேன் என்றார்.

"பார்க்கிறீர்கள் சார். சப்டைட்டில் போட்டுத்தானே பார்க்கிறீர்கள்?" என்றேன்.

இப்போது நீதிபதி சிரித்தார். என் சீனியர் மட்டும் சிரிக்காமல் என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு, மேடம் சொல்வதும் வேண்டாம், வக்கீல் சொல்வதும் வேண்டாம், சாட்சியே காட்டட்டும் என்றார். இந்தக் கூண்டுதான் மாடிப்படி என்று வைத்துக்கொள், அந்த அம்மா எங்கே நின்றார் என்று போய் நின்று காட்டு என்று சாட்சியிடம் சொன்னார்.

அந்தப் பெண் கூண்டிலிருந்து இறங்கினார். வக்கீல்கள் வரிசையைத் தாண்டினார். கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளைத் தாண்டினார். ஓடிவிடுவாரோ என்று கான்ஸ்டபிள் பின்னாலேயே போனார். கதவு நிலையைத் தாண்டி வராந்தாவுக்கே போய் நின்றுகொண்டு, அங்கிருந்து சத்தமாகச் சொன்னார்: "இங்கீங்க சாமி. இத்தனை தள்ளி நின்னாங்க. எடைத் தராசுகிட்ட. அந்தாளுதான் அங்க படியில நின்னு கத்திக்கிட்டிருந்தான்."

அரசு வக்கீல் உட்கார்ந்தார். டைப் அடிப்பதை நிறுத்தச் சொன்ன நீதிபதி, தமிழ் தெரிந்த ஒரு ஊழியரை வேறொரு பிரிவிலிருந்து வரவழைத்து, முறைப்படி உறுதிமொழி எடுக்க வைத்து, சாட்சியத்தை முதலிலிருந்து எழுதினார். 'தூர' என்று கன்னடத்தில் அந்தச் சொல் திரையில் விழுந்ததை எட்டிப் பார்த்தேன். அவ்வளவு அழகான எழுத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் சீனியர் எங்களை எல்லாம் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். டீ வந்தது. இரண்டு வாய் குடித்த பிறகு, "அடுத்த முறை விசாரணை அதிகாரி வருகிறார். நீயே கேள்" என்றார். மற்ற நான்கு ஜூனியர்களும் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். அவர்களில் மூத்தவர், "சார், செஷன்ஸ் கேஸ்" என்று நினைவூட்டினார். "தெரியும், நானும் அங்கேதான் இருந்தேன்" என்றார் சீனியர்.

அந்த விசாரணைக்கு நான் தயாரான மாதிரி என் வாழ்க்கையில் வேறெதற்கும் தயாரானதில்லை. விஜயநகரில் தோழி வீட்டு மொட்டைமாடியில் அவள் இன்ஸ்பெக்டராக உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா நீதிபதி. எதைக் கேட்டாலும் அவள் "ஞாபகம் இல்லை" என்றே சொல்லி என்னை அழ வைத்தாள். அவர் வேண்டுமென்றே ஒவ்வொரு கேள்விக்கும் "ஆட்சேபணை ஏற்கப்படுகிறது" என்றார். ஆட்சேபிக்க அங்கே யாருமே இல்லை.

நிஜ அதிகாரி எவ்வளவோ நல்லவர். தமிழ் தெரியுமா என்று ஆரம்பித்தேன். கொஞ்சம் புரியும் என்றார். சாட்சியின் வாக்குமூலத்தை எந்த மொழியில் படித்துக் காட்டினீர்கள்? கன்னடத்தில். சாட்சி என்ன சொன்னார்? தலையாட்டினார். மேலும் கீழுமாகவா, இடமும் வலமுமாகவா? நினைவில்லை என்றார். அந்தப் பதிலைத் தோழி நன்றாகப் பழக்கியிருந்ததால் நான் அசரவில்லை.

"மாடிப்படியைப் போய்ப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"படியில் என்ன கிடந்தது?"

"பூண்டுத் தோல்."

"அதிகமாகவா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர். "நானே ஒரு தரம் வழுக்கினேன்" என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எழுதி வைத்திருந்த கேள்விகள் தீர்ந்துவிட்டதால் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

விடுதலை என்று தீர்ப்பு வந்த அன்று பூண்டுக்கார அம்மா கோர்ட் வராந்தாவில் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஆட்டோவில் ஒரு மூட்டைப் பூண்டு ஆபீசுக்கு வந்து இறங்கியது. சீனியர் உட்பட எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டோம். பல நாள் எங்கள் கேஸ் கட்டுகளைத் திறந்தால் பூண்டு வாசனை அடித்தது. ஒரு பெஞ்ச் கிளார்க், மனு எங்கள் ஆபீசிலிருந்து வந்தது என்பதை முகர்ந்தே கண்டுபிடித்தார்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கட்சிக்காரர்கள் சிலர் என்னைப் பார்த்ததும், பெரிய சார் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் சீனியர் மாறினார். பெரிய சார் வரமாட்டார், இவர்தான் உங்கள் வக்கீல், வேண்டாமென்றால் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவரே சொல்வார். எனக்குத் தெரிந்து ஒருவர்கூடக் கட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அப்பா ஒருமுறை நான் வாதாடுவதைப் பார்க்க வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. கடைசி பெஞ்சில் இடம் பிடித்து, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜாமீன் மனு அது. வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஒன்னும் வெளங்கல கண்ணு," என்றார். "ஆனா நீ பேசினதும் அந்த வக்கீலு உக்காந்துட்டான். அது வெளங்குச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல ஒருத்தன் உன்னய யாருன்னு கேட்டான். எனக்குத் தெரியாதுன்னுட்டேன்" என்றார். ஏன் என்றேன். "என்ற புள்ளைன்னு சொன்னா உன்னயப் பத்தி அவன் நெசத்தச் சொல்ல மாட்டானல்ல? நல்லாப் பேசறாங்கன்னான். அப்புறந்தான் சொன்னேன்."

சீனியர் வயதாகி ஆபீசைக் குறைத்துக்கொண்டபோது நான் தனியாகத் தொடங்கினேன். கிரிமினல் வக்கீல் என்றதும் வீட்டுக்காரர்கள் ரௌடிகள் வருவார்கள் என்று கதவைச் சாத்தினார்கள். பெண் என்றதும் இன்னொரு தரம் சாத்தினார்கள். தோழியின் அப்பா தன் காரை விற்றுவிட்டு, கார் ஷெட்டைக் காலி செய்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். சிவில் பக்கம் அவள், கிரிமினல் பக்கம் நான். நடுவில் ஒரு அலமாரி. விஜயநகரின் பென்ஷன்தாரர்கள் காலையில் நடந்துவிட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்து, இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாத சந்தேகங்களைக் கேட்டுவிட்டுப் போவார்கள். எங்களிடம் இப்போது மூன்று ஜூனியர்கள். முதல் மாதத்திலேயே மூவரையும் ஏதாவதொரு சாட்சியின் முன்னால் நிறுத்திவிடுவது என் பழக்கம். தடுமாறுவார்கள். தடுமாறட்டும்.

போன வாரம் ஒரு அடிதடி வழக்கில் ஜாமீனுக்குப் போயிருந்தேன். மேலே நீதிபதி பெண். அரசு வக்கீல் பெண். தட்டச்சரும் பெஞ்ச் கிளார்க்கும் பெண்கள். அன்றைக்குப் பாதுகாப்புக்கு வந்த கான்ஸ்டபிளும் ஒரு பெண்தான். என் கட்சிக்காரர், முறுக்கு மீசை வைத்த வாட்டசாட்டமான ஆள், உள்ளே வந்ததும் சுற்றும் முற்றும் பார்த்தார். மெதுவாக என் பக்கம் குனிந்து, "மேடம், இங்கே ஆம்பளைங்க யாருமே இல்லையா?" என்றார்.

"இருக்கீங்களே, நீங்க" என்றேன்.

அவர் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டி, நல்ல பிள்ளையாக நின்றார். ஜாமீன் கிடைத்தது.